பாட்டுத் தாளில் நான்கு ‘ன்’: நம் ஊர்ப் பாடகரின் வரியை மாற்றி அச்சடிக்கலாமா?

மங்குவாளி (இழையைத் தொடங்கியவர்)

மலேசியா, சுங்கை சிப்புட் வட்டார நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவின் இரண்டாம் இரவில் மெல்லிசை நிகழ்ச்சி நடப்பதும், அதற்கான பாட்டுத் தாளைத் தட்டெழுதி அச்சகத்துக்குக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுவதும் இங்குள்ள பலருக்குத் தெரியும். இவ்வாண்டு தாளில் எட்டுப் பாட்டுகள். ஏழு பழையவை. எட்டாவது, நம் ஊர் ஆண்பிள்ளை ஒருவர் தாமே எழுதி, இசையமைத்து, பாடி இணையத்தில் வெளியிட்ட பாட்டு. திருவிழாக் குழுதான் அதைக் கேட்டு வாங்கியது, நான் சேர்க்கவில்லை. அதன் முதல் நான்கு வரிகளைத் தாளில் உள்ளபடியே தருகிறேன். தோட்டம் அறியாதவர்களுக்கு: பெரட்டு என்பது விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்; கித்தா என்பது ரப்பர், அதுவே பால்மரம்.

பெரட்டுக்கு முன்னே விளக்குக் கட்டிப் போனவன்
கித்தா காட்டு பனியில் காலடி விட்டவன்
மழை வந்தால் வேலை இல்லை, வீட்டில் இருப்பான் என்றிருந்தேன்
மழையும் வந்தது, வரவில்லை அவன்.

சென்ற வாரம் குழுவில் ஒருவர் என்னை அழைத்து, “போனவன், விட்டவன், இருப்பான், அவன் ஆகிய நான்கு இடத்திலும் ‘ன்’ என்பதை ‘ள்’ ஆக்கிவிடு, பொருளும் கெடாது, சந்தமும் கெடாது, பெண்களும் பால்மரம் வெட்டினவர்கள்தானே” என்றார். தட்டச்சுக்காரனாகப் பார்த்தால் அது அரை நிமிட வேலை. ஆனால் பாடியவர் யார், யாரை நினைத்துப் பாடினார் என்பது ஊரில் அரசல்புரசலாகத் தெரிந்த செய்தி. அவரும் அதை மறைத்ததில்லை. எழுதியவரைக் கேட்காமல் எழுத்தை மாற்ற எனக்குக் கை வரவில்லை. உங்கள் கருத்து என்ன?

நெறியாளர்

இழை தொடரலாம். பாடகரின் பெயர், தோட்டத்தின் பெயர், குடும்ப விவரம் ஆகியவற்றை யாரும் எழுத வேண்டாம். மீறும் பதிவுகள் நீக்கப்படும்.

கரும்பலகை

அகத்திணைப் பாடலில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியர் விதித்ததை நெறியாளர் இன்று நடைமுறைப்படுத்தியிருக்கிறார். மகிழ்ச்சி. நான் முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் கருத்தைப் பிறகு எழுதுகிறேன்.

பம்பைக்காரன்

நான் அந்தப் பாடகரோடு ஒரே உருமி மேளக் குழுவில் பதினோரு ஆண்டுகளாக அடித்து வருகிறேன். அவரைப் பற்றி இங்கே பேசுபவர்கள் முதலில் அவர் எங்கிருந்து வந்த இசைக்காரர் என்பதைத் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது.

எட்டு வயதில் கோயில் பஜனைக்கு ஜால்ரா தட்ட உட்கார்ந்தவர். மார்கழி முழுவதும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள்தோறும் பஜனை போகும்போது முன்னால் நின்று பாடியவர். பிறகு பம்பை, பிறகு உருமி. உருமி பழகுவது எளிதன்று. ஒரு பக்கத்துத் தோலைக் குச்சியால் அடிக்க வேண்டும். மறுபக்கத்துத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து அந்த உறுமலை வரவழைக்க வேண்டும். புதிதாக வருபவருக்கு முதல் ஆறு மாதங்கள் கதவு கிறீச்சிடுவதைப் போன்ற ஓசைதான் வரும். இவருக்கு மூன்றாம் வாரத்திலேயே உருமி பேசிவிட்டது. தைப்பூசத்தில் ஈப்போ புந்தோங்கிலிருந்து கல்லுமலைக் கோயில் வரை காவடிக்கு முன்னால் வாசித்துக்கொண்டே நடந்து போய், மறுநாள் காலை செம்பனைத் தோட்டத்தில் வேலைக்கு நின்றவர். இப்போதும் இந்த வட்டாரத்தில் தோல் கிழிந்த மேளத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் அவர் வீட்டு வாசலுக்குத்தான் போகிறோம்.

அவர் பாடுவது பாப் என்று சொல்கிறார்கள். பாப்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டில் அடியில் ஓடுவது நான்கு நான்காக எண்ணும் சதுரச்ர நடை என்றால், மேலே பம்பை மூன்று மூன்றாக எண்ணும் திச்ர நடையில் போகிறது. நம் ஊரில் அம்மன் புறப்பாட்டுக்கு அடிக்கும் அதே அடி. கோலாலம்பூரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது புதுமையாகத் தெரிகிறது. நமக்குத் தெருமுனையில் கேட்ட ஓசைதான். குழுவினர் அந்தப் பாட்டைக் கேட்டவுடன் ஆசைப்பட்டதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஒலிப்பெட்டி

அந்தப் பதிவுக்கு உதவியவன் என்ற முறையில் இரண்டு செய்திகள். பாட்டின் தொடக்கத்தில் வரும் ஆழமான, இழுபடும் ஓசையைப் பலர் கணினியில் செய்த பேஸ் என்று எண்ணுகிறார்கள். அது உருமியின் தேய்ப்போசை. அதை எடுத்து நான்கு மடங்கு மெதுவாக்கினோம். பதிவுக்கூடம் என்பது கடைவரிசையின் மேல்மாடியில் ஓர் அறை; சுவரில் பழைய மெத்தைகள்; லாரி போகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்தோம். ஒரே ஓர் இடத்தில் லாரி ஓசை உள்ளே நின்றுவிட்டது. அது அழகாக இருந்ததால் விட்டுவிட்டோம்.

வருமானத்தைப் பற்றிக் கனவு காண்பவர்களுக்கு: ஸ்போட்டிஃபையில் 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவுரிமைத் தொகை கிடையாது. எங்கள் பாட்டு அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் இதுவரை வந்த பணத்தில் மிக்ஸருக்கு ஒரு நல்ல கம்பி வாங்கினோம். அவர் பிழைப்பது கல்யாணக் கச்சேரியிலும் மேளம் பழுது பார்ப்பதிலும்தான். ஆகவே “புகழுக்காக இப்படியெல்லாம் பாடுகிறார்” என்று பசார் மாலாம் இரவுச் சந்தையில் பேசிக்கொள்பவர்கள் அந்தக் கம்பியை வந்து பார்க்கலாம்.

செம்பனை_லோரோங்

நான் மாற்றச் சொன்னவர்களின் பக்கம். மறைக்காமல் சொல்கிறேன், அந்தத் தம்பியின் மீது எனக்குக் கோபம் இல்லை. என் மகளின் திருமணத்துக்கு அவர்தான் பாடினார். ஆனால் கோயில் மேடை வேறு, கல்யாண மண்டபம் வேறு. அம்மன் சந்நிதிக்கு முன்னால், குழந்தைகளும் பெரியவர்களும் உட்கார்ந்திருக்கும் இடத்தில், ஓர் ஆண் இன்னோர் ஆணை நினைத்து ஏங்கும் பாட்டைத் தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்தால், நாளைக்கு ஒரு கைப்பேசிக் காணொளியில் எங்கள் கோயில் பெயர் நாடு முழுக்கச் சுற்றும். அப்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் குழுவினரே, இங்கே புனைபெயரில் எழுதுபவர்கள் அல்லர்.

2023 சூலையில் சிப்பாங்கில் நடந்த இசை விழாவை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் இரவு வெளிநாட்டுக் குழு ஒன்றின் பாடகர் மேடையில் நம் நாட்டுச் சட்டத்தை ஏசிவிட்டு, தம் குழுவைச் சேர்ந்த ஆணுக்கு முத்தம் கொடுத்தார்; மறுநாள் அரசு விழாவையே நிறுத்திவிட்டது. மீதி இரண்டு நாள்களில் பாட இருந்த உள்ளூர்க் கலைஞர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அவர் விமானம் ஏறிப் போய்விட்டார். நாங்கள் விமானம் ஏற முடியாது. இந்தத் தோட்டத்தில்தான் இருந்தாக வேண்டும்.

கல்லுமலை_அடிவாரம்

செம்பனை அண்ணன் சொல்லும் அச்சம் பொய்யன்று. ஆனால் சட்டத்தைப் பற்றிப் பாதி தெரிந்து பயப்படுவதைக் காட்டிலும் முழுதும் தெரிந்து பயப்படுவது மேல். குற்றவியல் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் உடலுறவுச் செயலைத்தான் குற்றமாக்குகின்றன. அதற்கு 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். இது எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். ஷரியா சட்டங்கள் முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியவை. ஓர் ஆண் “அவன்” என்று பாடுவது 377இன் கீழ் வராது. இணையத்தில் வெளியிடும் உள்ளடக்கத்தின் மீது 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு பாய்வது உண்டு. பாட்டு வெளிவந்து இத்தனை மாதங்களில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

இந்த 377 நம் மண்ணில் முளைத்ததன்று. வெள்ளைக்காரன் 1860இல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தோடு கப்பல் ஏறி வந்தது. நம் தாத்தா பாட்டியும் ஏறக்குறைய அதே வழியில்தான் வந்தார்கள். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று அதன் பல்லைப் பிடுங்கியது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பரில் 377ஏ பிரிவை நீக்கியது. இங்கே அப்படியே இருக்கிறது. ஆகவே எச்சரிக்கை தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரு பாட்டுத் தாளுக்காகக் கோயிலைப் பூட்டுவார்கள் என்பதை ஏற்கவில்லை.

லயத்துப்பேத்தி

“பெண்களும் பால்மரம் வெட்டினவர்கள்தானே” என்ற வாதத்துக்கு மட்டும் பதில். என் பாட்டி முப்பத்திரண்டு ஆண்டுகள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் தன் மர வரிசையான நிரையைப் பிடித்தவள். விடிந்து வெயில் ஏறினால் பால் சுரப்பு குறைந்துவிடும் என்பதால் கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு ஓடியவள். காண்டாக் கழியில் பால் வாளி தூக்கிய தழும்பு சாகும்வரை அவள் தோளில் இருந்தது. இத்தனை ஆண்டுகளில் அவளைப் பற்றி ஒரு பாட்டு வேண்டும் என்று எந்தத் திருவிழாக் குழுவும் கேட்டதில்லை. ஓர் ஆணை மறைக்க வேண்டி வந்தபோதுதான் அவள் உங்கள் நினைவுக்கு வருகிறாள். அவளை அந்த வேலைக்குக் கூப்பிடாதீர்கள்.

கரும்பலகை

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். எழுத்தை மாற்றுவதற்கு நான் எதிரானவன். எழுதியவர் அறியாமல் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தக் கூடாது. ஆனால் குழுவினரின் சங்கடத்துக்கு நம் இலக்கியத்திலேயே மருந்து இருக்கிறது.

தமிழில் ஆண் பெண்ணாக நின்று பாடுவது நேற்று வந்த வழக்கமன்று. சங்கப் பாடல்களில் தலைவி கூற்றாக வருபவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் ஆண் புலவர்கள். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் உருகினார்கள். மாணிக்கவாசகர் திருவெம்பாவையின் இருபது பாட்டையும் நீராடப் போகும் பெண்களின் வாய்மொழியாகவே வைத்தார். அதைத்தானே இந்தப் பாடகர் எட்டு வயது முதல் மார்கழியில் லயம் லயமாகப் பாடி வந்திருக்கிறார்? ஆண் பிள்ளை இப்படிப் பாடலாமா என்று யார் கேட்டார்கள்? பாரதி “கண்ணன் என் காதலன்” என்று எழுதியபோதும் மீசையை மழித்துவிட்டு எழுதவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது பெரட்டுக் களத்தில் மேடை கட்டி நடத்திய நாடகங்களில் கதாநாயகிகள் எல்லாரும் ஆண்களே. வள்ளியாக நடித்தவரைப் பார்த்து அழாத பெண் எங்கள் லயத்தில் இல்லை.

ஆகவே என் யோசனை: பாட்டின் தலைப்புக்குக் கீழே “தலைவி கூற்று” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நான்கு ‘ன்’னும் அப்படியே நிற்கும்; குழுவினருக்கும் ஒரு நிழல் கிடைக்கும்; மரபும் வாழும்.

செம்பனை_லோரோங்

ஆசிரியர் ஐயா சொல்வதை ஏற்கிறேன். இதைக் குழுவில் நானே பேசி முடித்து வைக்கிறேன்.

வடக்குலயம்

ஆசிரியர் ஐயாவின் மீது மிகுந்த மதிப்பு உண்டு. எனக்கு இலக்கணம் கற்றுக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவராக இருக்கக்கூடும். ஆனால் இந்த யோசனைதான் இந்த இழையில் எனக்கு அதிகம் வலித்தது. செம்பனை அண்ணன் நேராக “வேண்டாம்” என்கிறார். அதை எதிர்த்துப் பேசலாம். நீங்களோ வரவேற்று உட்கார வைத்துவிட்டு, தலையில் முக்காடு போடச் சொல்கிறீர்கள்.

நானும் அவரைப் போன்றவன்தான். இந்த ஊரில் எங்களுக்கு வழங்கும் பெயர் “அந்த மாதிரி”. அதைச் சொல்லும்போது குரல் தானாகத் தாழும். 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு, சென்னை உயர் நீதிமன்ற வழக்கொன்றை ஒட்டி, எங்களைக் குறிக்கும் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டபோது “பால்புதுமையர்” என்ற சொல்லை முதன்முறையாக அச்சில் பார்த்தேன். புதுமை என்பதில் எனக்குச் சிறு மனக்குறை உண்டு, நாங்கள் ஒன்றும் புதியவர்கள் அல்லர். ஆனாலும் தாழ்த்தாத குரலில் சொல்லக்கூடிய ஒரு சொல் கிடைத்ததே என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

திருவெம்பாவை பாடும் ஆண், தான் பெண்ணாக நிற்கிறேன் என்று அறிந்தே பாடுகிறான். கேட்பவர்களும் அறிந்தே கேட்கிறார்கள். அது அழகான பாவனை. நம் ஊர்ப் பாடகரின் பாட்டில் பாவனை எதுவும் இல்லை என்பதே அதன் விசேடம். மழை பெய்தால் வேலைக்குப் போகத் தேவையில்லை, இன்று வீட்டில் இருப்பான் என்று ஓர் ஆண் காத்திருக்கிறான், அவ்வளவுதான். அதன் மேல் “தலைவி” என்று எழுதினால், காத்திருந்த ஆளையே வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவிட்டு வேறு ஒருவரை உட்கார வைத்ததாகும். ‘ன்’னை ‘ள்’ ஆக்கினால் போனவனை மாற்றுகிறீர்கள். “தலைவி கூற்று” என்றால் இருப்பவனை மாற்றுகிறீர்கள். இரண்டில் எது சிறிய மாற்றம் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த நாட்டில் இப்படிப் பாடுபவர் இவர் ஒருவரே என்றும் நினைக்க வேண்டாம். கோலாலம்பூரில் 2008 முதல் நடந்து, 2011இல் காவல்துறை தடை செய்த, எங்களைப் போன்றவர்களின் உரிமை விழாவான செக்சுவாலிட்டி மெர்டேக்காவைத் தொடங்கியவர்களில் ஜெரோம் குகன் என்ற தனிநிலைப் பாடகர் ஒருவர். “ஷ்... டியாம்!” என்ற பங்க் குழு, “உஷ், சத்தம் போடாதே” என்று பொருள்படும் மலாய்ப் பெயரை வைத்துக்கொண்டே உரக்கப் பாடுகிறது. ஆனால் அவர்கள் பாடுவது நகரத்து மேடைகளில். உருமித் தேய்ப்பும் கித்தாக் காடும் கலந்த தமிழ்ப் பாட்டாக இதை நான் கேட்டது இவரிடம்தான். அதைத்தான் இந்த ஊரில் வைத்தே நான்கு எழுத்து திருத்தப் பார்க்கிறோம்.

கரும்பலகை

உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். நிழல் என்று நான் நினைத்தது உங்களுக்கு முக்காடாகப் படுவது எனக்கு உறைக்கிறது. ஆயினும் கோயில் மேடையைப் பொறுத்தவரை என் மனம் இன்னும் குழுவினர் பக்கமே சாய்கிறது; வயதான மனம், உடனே திரும்பாது. யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

பம்பைக்காரன்

இழை முழுவதையும் அவரிடம் காட்டினேன். பொதுவில் எழுத அவருக்கு விருப்பமில்லை. ஆனால் சொன்னதைச் சொல்லிவிடு என்றார்.

“தலைவி கூற்று” என்பதைப் படித்துவிட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பன்று; ஆசிரியர் தமக்காக இவ்வளவு யோசித்திருக்கிறாரே என்ற சிரிப்பு. “திருவெம்பாவையில் நான் பெண்ணாகப் பாடுகிறேன், அது எனக்குத் தெரியும். இந்தப் பாட்டில் நான் நானாகப் பாடுகிறேன், அதுவும் எனக்குத் தெரியும்” என்றார். எழுத்தை மாற்றினால் பாட மாட்டார். ஆனால் பாட்டை எடுத்துவிட்டால் மனத்தாங்கல் கொள்ள மாட்டார். முதல் நாள் கரகத்துக்கும் மூன்றாம் நாள் தேருக்கும் எப்போதும்போல உருமி வாசிக்க வருவார். “பாட்டு என்னுடையது, மேளம் அம்மனுடையது” என்றார்.

இதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. தேய்க்க அவருடைய கை வேண்டும், பாட அவருடைய வாய் வேண்டாம் என்பதை அவரால் ஏற்க முடிகிறது. என்னால் முடியவில்லை. ஆனால் முடிவு அவருடையது.

மங்குவாளி

நேற்றிரவுக் கூட்டத்தில் நானும் இருந்தேன். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோயில் தாளிலிருந்து எட்டாவது பாட்டை எடுத்துவிட முடிவானது; எழுத்தை மாற்றுவது என்ற பேச்சு அத்தோடு நின்றது. கை தூக்கியபோது எடுத்துவிடலாம் என்றவர்கள் ஏழு பேர், இருக்கட்டும் என்றவர்கள் மூன்று பேர். மூன்று வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதில் ஒருவர் தலைவரின் மனைவி.

திருவிழா முடிந்த மறு சனிக்கிழமை, பஜனைக் குழுவும் உருமிக் குழுவும் மெல்லிசைக் குழுவும் சேர்ந்து பட்டணத்து மண்டபத்தில் தனியாக ஓர் இரவு நடத்துவதாக இருக்கிறோம். கேளிக்கை உரிமத்துக்கு நகராண்மைக் கழகத்தில் மனுக் கொடுத்தாயிற்று. நுழைவு 10 வெள்ளி. அதற்குத் தனித் தாள் அச்சடிக்கிறேன், 200 படிகள். வரிகள் மேலே முதல் பதிவில் உள்ளபடியே போகும். பிழை இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.

செம்பனை_லோரோங்

நான் வர மாட்டேன். ஆனால் மண்டபத்தில் அடிக்கடி மின்சாரம் போகும். ஜெனரேட்டர் வேண்டுமென்றால் வியாழனுக்குள் சொல்லி அனுப்புங்கள். என் லாரியிலேயே ஏற்றி விடுகிறேன்.

கரும்பலகை

இரண்டாம் வரியைத் திருத்துங்கள். “கித்தா காட்டு பனியில்” என்று இருக்கிறது. கித்தா மலாய்ச் சொல்லானாலும் தமிழில் தொகையாகும்போது ஒற்று மிகும். காட்டு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம், அங்கேயும் மிகும். “கித்தாக் காட்டுப் பனியில்” என்பதே சரி. மற்ற மூன்று வரிகளிலும் பிழை இல்லை. மெய்ப்பு வந்ததும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள்.

பம்பைக்காரன்

தாளில் நீங்கள் திருத்தியபடியே இருக்கட்டும், ஐயா. பாடும்போது மட்டும் அவர் அந்த ‘க்’கை அழுத்த மாட்டார், அந்த இடத்தில்தான் உருமி உள்ளே வருகிறது.